மேடையேறிய அன்னம்மா

அன்னம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கைதான் வேகமாகும். மிளகாயும் பெலாச்சான் இறால் கட்டியும் இடிபடும் சத்தத்தை வைத்தே, அவர் வீட்டில் இன்று யார் யாரோடு பேசவில்லை என்று மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையே சொல்லிவிடும்.

அவர் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். எத்தனையோ தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்து, மலாக்காவிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழி. சாமி மாரியம்மன், நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங்கும் கெபாயாச் சட்டையும், பேச்சு மலாய். தமிழில் அவருக்கு வந்தது கொஞ்சம் அடுப்படிச் சொற்கள், முறைப்பெயர்கள், அப்புறம் ஒரே ஒரு பதிகம். அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது. பொருள் அம்மாவுக்கும் தெரியாது. 'ழ' வராது, சொற்கள் உடையக்கூடாத இடத்தில் உடையும். ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடும்போது, பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் நான் கையை நிறுத்திவிடுவேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ரோடு போடும் இலாகாவில் லாரி ஓட்டிய கணவரோடு அங்கே குடிவந்து, அன்னம்மாவை அக்கா என்று கூப்பிடப் பழகியவள்.

ஐம்பத்தாறாம் வருஷம். அடுத்த வருஷம் சுதந்திரம் என்று பாடாங் திடலில் அறிவித்த சூடு ஆறவில்லை. எங்கே பார்த்தாலும் கூட்டம், கொடி. ஊர்த் தமிழர் சங்கம் தன் பங்குக்கு வனமாலினி கான சபாவை வரவழைத்தது. இந்தியாவிலிருந்து வந்து மலாயா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த கம்பெனி அது. அவர்களுடைய 'மதிவதனா' இசை நாடகம் பினாங்கிலும் ஈப்போவிலும் சக்கைப்போடு போட்டிருந்தது. சங்கச் செயலாளர் ஜெயபாலன் ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. நடிகர்கள் தங்குவதற்கு எங்கள் தெருமுனையில் காலி வீடு பிடித்தார். சமையலுக்கு, ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் சமைக்கும் அன்னம்மாக்காவைக் கேட்டார். நேராகக் கேட்கவில்லை, அவர் கணவர் வேலாயுதத்திடம் கேட்டார். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது வேலாயுதத்தின் குணம்.

கம்பெனியில் கலியாணசுந்தரம் என்றொரு ஹாஸ்ய நடிகன். சாப்பிட்டு முடித்தாலும் போகமாட்டான். அடுப்படி வாசலில் வந்து குந்திக்கொள்வான்.

"அக்கா, அதை இன்னொரு தரம் சொல்லுங்க."

"எது? சாப்பிடு சுடாச் சுடா இருக்கு, வாங்கோ?"

"அதான், அதான்! அடடா, என்ன அழகு!"

அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பார். இந்தியாவிலிருந்து வந்த தம்பிக்குத் தன் தமிழ் பிடித்துவிட்டது என்று அவருக்குப் பெருமை. எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே எரிந்தது. அக்கா பேசப் பேச அவன் உதடும் கூடவே அசையும். வெள்ளிக்கிழமை பதிகம் பாடியபோதும் ஜன்னலோரம் நின்றிருந்தான். பக்தியாக்கும் என்று அக்கா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். தகரக் கொட்டகை, உள்ளே வெக்கை. பெண்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சு. வேலாயுதம் சங்கத்து ஆட்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரை தூக்கியதும் மதிவதனாவாக வந்த பெண் மூச்சே விடாமல் ஒரு பாட்டுப் பாடினாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புரியலே. ஆனா பாகுஸ், ரொம்ப பாகுஸ்," என்று மலாயில் மெச்சினார். அவர் கண் ஈரமாக இருந்தது.

அடுத்தது அரண்மனைச் சமையற்காரி காட்சி. ஹார்மோனியம் ஒரு கோணல் மெட்டை இழுத்தது. கலியாணசுந்தரம் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். தலையில் அக்காவுடையது போலவே உச்சிக் கொண்டை. உடம்பில் பச்சைக் கெபாயா, மார்பில் மூன்று கெரோசாங் ஊசி.

அக்கா என் காதருகே மெதுவாகச் சொன்னார்: "அது என் பாஜு. கல்யாணத்துக்கு அம்மா தைச்சது."

வேலாயுதத்திடம் ராணி வேஷத்துக்கு என்று சொல்லி இரவல் வாங்கிப் போயிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சாப்பிடு சுடாச் சுடா இருக்கு, வாங்கோ!" என்று கூவினான் மேடையில். அக்காவின் குரலேதான். கொட்டகை வெடித்தது. மலாக்கா பூராவும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறது, அவர் கையால் சாப்பிடாதவர்கள் அங்கே குறைவு. பெஞ்சிலிருந்த பெண்கள் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். அவன் தமிழ் பாதி மலாய் பாதியாக உளறினான், மலாய் பேசிய ஒவ்வொரு தடவையும் பின்புறத்தைத் தட்டிக்கொண்டான். அதுவரைக்கும் அக்கா அசையவில்லை.

பிறகு அவன் ஒரு விளக்கின் முன் மண்டியிட்டான். கண்ணை மூடினான். பதிகத்தை எடுத்தான். வராத 'ழ', உடைந்த சொற்கள், அக்கா மூச்சு வாங்கும் இடம், எல்லாம் அப்படியே. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஏப்பம் விட்டான். ஜனங்கள் காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தார். நான் சாரோங்கைப் பிடித்து இழுத்தேன், விடுவித்துக்கொண்டார். பெஞ்சுகளுக்கு நடுவே போய், படியில் ஏறி, மேடையில் நின்றார்.

அதுவும் நாடகம்தான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. விசில் பறந்தது. கலியாணசுந்தரமும் சளைக்கவில்லை.

"அடடே, அசலே வந்திருச்சு! இனி நகலுக்கு என்ன வேலை?"

"கழட்டு," என்றார் அக்கா.

"பாத்தீங்களா, என் கூடச் சேர்ந்து தமிழ் வந்திருச்சு!"

இன்னும் பெரிய சிரிப்பு. அக்கா கிட்டே போய், அவன் மார்பிலிருந்த கெரோசாங்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கெபாயா திறந்துகொண்டது. உள்ளே வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைகள் தரையில் விழுந்து உருண்டன. அழுக்குப் பனியனோடு நின்றவனைப் பார்த்து இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் மாறிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னான்:

"சொந்த பாஷை தெரியாத கழுதைக்கு ரோஷத்தைப் பாரு!"

அக்கா அறைந்தார். மிளகாய் இடித்து உரமேறிய கை அது. அவன் விளக்கின் மேல் சாய்ந்தான், மிருதங்கம் பாதித் தாளத்தில் நின்றது.

ஜெயபாலன் மேடைக்கு ஓடிவந்தார். "என்னம்மா இது, வெளியூர்க்காரங்க முன்னாடி! நம்ம மானமே போச்சு!"

"நம்மன்னா யாரு?" என்று மலாயில் கேட்டார் அக்கா. "இத்தனை நேரம் சிரிச்சீங்களே, அப்ப நான் யாரு?"

ஜெயபாலன் கலியாணசுந்தரத்தைத் தூக்கிவிடக் குனிந்தார். அக்கா அவன் உடம்பிலிருந்து கெபாயாவை உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பியபோது, முன்வரிசையில் வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

மறுநாள் காலை கம்பெனி முதலாளி மாணிக்கவாசகம் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்தார். அக்கா சமைக்கத்தான் செய்திருந்தார், அடுப்பில் கம்பெனிக்கான சோறு இருந்தது. நான் வேலிப்பக்கம் நின்றுகொண்டேன். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, ஊரெல்லாம் இதே பேச்சு. இன்னிக்கு ஆட்டத்துக்கு இப்பவே கூட்டம் நிக்குது. நேத்து செஞ்ச மாதிரியே நீங்க வந்து அந்த அறையைக் கொடுத்துட்டுப் போயிடணும். கலியாணசுந்தரத்துக்குச் சம்மதம்."

அக்காவுக்கு முழுசும் புரியவில்லை. வேலாயுதம் மலாயில் எடுத்துச் சொன்னார், கடைசியில் தன் சொந்தக் கருத்தையும் சேர்த்தார்: "ஒரு நாள்தானே, அன்னம். விளையாட்டுக்குத்தானே."

அக்கா அடுப்பிலிருந்த பானையைத் துணியால் பிடித்து இறக்கினார். வாசலுக்குக் கொண்டுவந்து, மாணிக்கவாசகத்தின் செருப்புக்கு முன்னால் கவிழ்த்தார். சூடு பட்டு அவர் துள்ளிக் குதித்தார். தெருக்கோழிகள் ஓடிவந்தன.

"கெலுவார்," என்றார் அக்கா. வெளியே போ என்பது மலாய் தெரியாத மாணிக்கவாசகத்துக்கும் விளங்கியது. படியிறங்கி ஓடினார். அக்கா வேலாயுதத்தின் பக்கம் திரும்பி, அதே சொல்லை அதே குரலில் சொன்னார்.

கம்பெனி அடுத்த ஊரான மூவாருக்குப் போய்விட்டது. வேலாயுதம் தெங்கேராவில் அண்ணன் வீட்டுக்குப் போனார். அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரியவர்கள் வந்து அக்காவிடம் பேசிப் பார்த்தார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். சுதந்திர விழா விருந்துக்குச் சமைக்கச் சொல்லி ஜெயபாலன் ஆள் அனுப்பியபோது கதவையே திறக்கவில்லை.

சுதந்திரம் வந்த வருஷத் தீபாவளிக்கு மறுநாள் வேலாயுதம் திரும்பி வந்தார், ஆள் பாதியாகியிருந்தார். வாசலிலேயே நின்று, "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன்," என்றார்.

"தாவ்," என்றார் அக்கா. தெரியும் என்று அர்த்தம்.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே போனார். அக்கா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். வேலாயுதம் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த காலமெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் அப்படித்தான் நடந்தது.