ஒரு குமிழிகூட வரவில்லை

நான்கு ஆண்டுகளுக்கு முன், கல்லூரிப் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்ற மறு வருடம், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நடந்தது இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன் நான். கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன். இதை எழுத இத்தனை காலம் தயங்கியதற்கு அதுவே காரணம்.

ஓய்வுக்குப் பின் வாங்கிய பழைய கார்தான் எனக்கு முதல் கார். நாதஸ்வரக் கச்சேரி கேட்டபடி ஆழ்வார்திருநகரி வரை போய்வருவது வழக்கமாயிற்று. ஆனால் கதவுகளில் இருந்த சிறு ஸ்பீக்கர்களில் தவிலின் விரல் நாதம் மட்டுமே கேட்டது. கம்பால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனத்த ஓசை வரவேயில்லை. அதற்குக் கனத்த ஓசைக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சப்வூஃபர், வேண்டும். கண்ணாடி அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் போகும் கார்களை நிறுத்திக் கண்டித்திருக்கிறேன். அதே சாதனத்தை நானே கடையில் நின்று பொருத்திக்கொள்வதைப் பழைய மாணவர் எவரேனும் பார்த்துவிட்டால்? கடைக்காரர் சொன்ன விலையும் என் ஓய்வூதியத்துக்கு ஒத்துவரவில்லை. நானே செய்வதென்று தீர்மானித்தேன்.

எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டையும் ஓர் ஆம்ப்ளிஃபயரையும் பழையதாக வாங்கினேன். பெரியது ஒன்றைவிடச் சிறியது இரண்டு மலிவு. அவற்றை வைக்கும் பெட்டியின் கொள்ளளவை இரண்டு நாள் கணக்கிட்டேன். அத்தகைய பெட்டியில் காற்று சிறிதும் கசியக் கூடாது; கசிந்தால் கனத்த ஓசை பிறக்காது. கசியாத மரவேலைக்கு இந்த ஊரில் வேறு யாரிடம் போவது? வள்ளம் கட்டும் மேஸ்திரி ஒருவரைத் திரேஸ்புரத்தில் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மீன் போடவா சார்?"

"பாட்டுப் போட."

அவர் சிரிக்கவில்லை. பொருத்துகளில் பிசின் இறக்கி, வள்ளத்துக்குப் பூசுவதுபோலவே மேலெல்லாம் பூசி, சொன்ன நாளில் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை, காரை அவர் வேலை செய்யும் கொட்டகை அருகிலேயே நிறுத்தி, வயர்களை நானே இணைத்தேன். வேறு எவரையும் தொடவிடவில்லை. கச்சேரியைப் போட்டேன். முன்பு கேட்ட அதே ஓசைதான் கேட்டது. டிக்கியிலிருந்து வந்தது ஒரு முனகல் மட்டுமே.

வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். புதிதாக வள்ளம் கட்டக் கொடுப்பதற்குப் பேச வந்திருந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். நான் இறங்கி, வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "பெட்டியில காத்து கசியுது மேஸ்திரி. வேலை சுத்தமில்லை."

வள்ளம் கட்டுகிறவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான சொல் அது என்பதை, வந்திருந்தவரின் முகம் மாறியபோதுதான் உணர்ந்தேன்.

"என்னவே மேஸ்திரி, ஒரு பொட்டியிலயே ஓட்டையா? நாளைக்கி நடுக்கடல்ல நான் மீனப் புடிக்கணுமா, வாளியப் புடிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி என்னிடம் வந்தார். "என் பொருத்துல காத்து போவாது சார். ஸ்பீக்கரக் கழத்துங்க."

கழற்றினேன். வட்ட ஓட்டைகள் இரண்டையும் பழைய டியூப் ரப்பர் வைத்துப் பலகையால் இறுக அடைத்தார். வயர் வரும் துளையில் மெழுகை அப்பினார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே கடலுக்குள் இறங்கினார். போகும்போது அந்த வள்ளக்காரரிடம், "அண்ணாச்சி, நீங்களும் வந்து பாருங்க. ஒரு கொமிழி வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கரையிலேயே நின்றுவிட்டார்.

இடுப்பளவு நீரில் பெட்டி அமுங்க மறுத்துத் துள்ளியது. மீனவர் இருவர் அதன்மேல் ஏறி அமர்ந்து அமுக்கினார்கள். மேஸ்திரி முகம் நீரில் படும்படி குனிந்து, ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்தார். அன்று கடல் தெளிந்து அமைதியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு குமிழி வந்துவிடாதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடலடியில் கிடக்கும் பாறைபோல் அந்தப் பெட்டி மூச்சுவிடாமல் கிடந்தது.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்படின்னா ஸ்பீக்கர்தான் பழுது" என்றேன்.

பெட்டியை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஸ்பீக்கர்களைத் திரும்பப் பொருத்திப் பாட்டைப் போட்டோம். மேஸ்திரி இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு ஸ்பீக்கர்களின் மேலும் பட்டும் படாமலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டும் உசுரோடதான் சார் இருக்கு. நல்லாத் துடிக்கு. ஆனா வேலை வெளிய வரல. ரெண்டு பேரு எதிரும் புதிருமா துடுப்புத் தண்டு வலிச்சா வள்ளம் நின்ன எடத்துலயேதான் கெடக்கும். அது மாதிரி இருக்கு."

எனக்கு வயர்களின் நினைவு வந்தது. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு வயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வயர். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் அழிவுக் குறுக்கீடு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய பாடம். அந்தச் சொல்லைக் கேட்டேயிராத ஒருவர் அதை உள்ளங்கையால் கண்டுபிடித்துவிட்டார்.

டிக்கிக்குள் குனிந்தபடியே வயரை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீண்டும் கச்சேரி தொடங்கியது. முதல் அடி காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. அடுத்த அடியில் காலடி மணல் அதிர்வதுபோல் இருந்தது. தவில்காரர் டிக்கிக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார் என்றே தோன்றியது. "மாதாவே!" என்றார் மேஸ்திரி.

வள்ளக்காரர் அருகில் வந்தார். "இப்ப ஒழுவலையா சார் பொட்டி?"

நான் வயரை மாற்றியதை மேஸ்திரி ஒருவர்தான் பார்த்தார். அவர் தலை நிமிராமல் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிசின் வெயிலில் இறுகியதும் கசிவு அடைபட்டுவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும்; அவர் பெயர் தப்பியிருக்காது.

"பெட்டி முதல்லயும் ஒழுகல. வயரை நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்" என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

"என்ன சார்?" என்று காதைக் கொடுத்தார் அவர்.

"தப்பு என்னுது. மேஸ்திரி வேலையில குத்தம் இல்ல." இம்முறை கரை முழுக்கக் கேட்டது.

"அட, வாத்தியாரே பெயிலா!" என்று அவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "சரிவே, என் வள்ளத்துக்குப் பலகை பாரும்" என்றார்.

பிறர் வேலையைப் பழிக்க அன்று எனக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஆனால் தன் வேலையை ஊர் பார்க்கக் கடலுக்குள் அமுக்கி, அதன் தீர்ப்புக்குக் குனிந்து காத்திருக்கும் துணிவு, ஆயிரக்கணக்கான விடைத்தாள்களுக்குத் தீர்ப்பெழுதிய எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை என்பதை இன்றும் வியப்போடும் சிறிது வெட்கத்தோடும் நினைத்துக்கொள்கிறேன்.