பேரனா, பெறாமகனா?

கிரான்பர்ன் என்ற புறநகரில் நான் பராமரிப்பு வேலைக்குப் போன வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி இருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய முன்னோரின் வம்ச வரைபடம் விரிந்து கிடக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் கோட்டையும் காடும் ஆண்ட பிரபுக்கள். கோப்பையை எங்கே வைப்பது என்பதுதான் என் கவலை.

ஒரு நாள் வரைபடத்தில் ஒரு கிளை அறுந்த இடத்தில் விரலை வைத்தார். பிள்ளைகளை இழந்த ஒரு பிரபு இறந்ததும், உரிமை கேட்டு ஒரு வாலிபன் வந்தானாம். சாசனத்தில் அவனைக் குறித்த லத்தீன் சொல்லுக்குப் பேரன் என்றும் பொருள், சகோதரனின் மகன் என்றும் பொருள். பேரன் என்றால் கோட்டை அவனுக்கு. விசாரித்தவர்கள் மற்றப் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

"எங்கள் ஊரில் அவன் பெறாமகன். பெறாமகனும் மகன்தான்" என்றேன்.

"அப்படியானால் நீதான் அவனை விசாரித்திருக்க வேண்டும்" என்று சிரித்தார்.

"பிறகு அவனுக்கு என்ன ஆனது?"

"தெரியாது. அதற்குப் பிறகு அவன் பெயர் எங்குமே இல்லை." சொல்லிவிட்டுப் பாணுக்கு வெண்ணெய் பூசினார்.

இந்த நாட்டில் படகில் வந்து இறங்கியபோது என்னையும் விசாரித்தார்கள். அண்ணாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது, பிறகு என்னைத் தேடி வந்தது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அண்ணாவை 'பிரதர்' ஆக்கினார். வேறு என்ன சொல்வார், பாவம்! அண்ணா என் பெரியப்பாவின் மகன். ஒரே வீட்டில் வளர்ந்தோம். பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லையாம், நான் பொய்யனாம். விசாவை மறுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவிசாரணைக்கு முன் என் வழக்கறிஞர், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பாகச் சொன்னார்: "தம்பி, கசின் எண்டு மட்டும் சொல்லுங்கோ. இந்த முறையும் பிழைச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஓம்" என்றேன்.

விசாரணை அறைக்குள் ஒரு இந்தியத் தமிழ்க் குரல் தொலைபேசியில் மொழிபெயர்த்தது. "கூடப்பொறந்த அண்ணன் உங்களுக்கு இருந்தாரா, இல்லையா?"

"அண்ணா இருந்தவர். பெரியப்பான்ர..."

"விளக்கம் வேண்டாமாம். ஆமாவா, இல்லையா?"

அதிகாரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவை வாசலில் வைத்துப் பிடித்த அன்று, ஆமிக்காரன் என்னைக் காட்டி, உன் தம்பியா என்று அவரிடம் கேட்டான். அண்ணா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது" என்றார். அதனால்தான் அன்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

"சொல்லுங்க சார்" என்றது தொலைபேசி.

"எனக்கு அண்ணா இல்லை" என்றேன்.