லூர்து அக்காவின் சாயங்காலங்கள்

செய்தி வந்தபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். போனில் அக்கா மகள் ஜெனியின் பெயரைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் பெண், அழுகையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கத் தெரிந்தவள். நான்தான் அசட்டுத்தனமாக, "எத்தன மணிக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. "இப்பத்தான் சித்தி. நல்ல வெயில். சன்னலப் பாத்துதான் படுத்திருந்தாங்க" என்றாள். அந்த மட்டுக்கும் நிம்மதி என்று வாய்விட்டே சொன்னேன்.

சாவுச் செய்தியைக் கேட்டு நிம்மதி என்று சொல்பவள் என்ன பிறவி என்று நினைப்பீர்கள். பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் லூர்து மேரி டீச்சர், தாவரவியல். அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த எனக்கு அக்கா. இரண்டு பேருக்கும் வீடு நாகமலை புதுக்கோட்டையில், ஒரே தெருவில், நான்கு வீடு தள்ளி. இருபத்தாறு வருடம் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றும். அக்கா நல்ல உயரம், கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறிக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடுவார். சன்னலோரம் எப்போதும் எனக்கு.

மைதானத்து ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம் உங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் அதன் இலைகள் மூடிக்கொள்வதைக் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்புப் பெண்களை அக்கா ஒருநாள் ஆறரை மணிவரை நிறுத்தி வைத்தார். ஒரு பிள்ளையின் அப்பா அலுவலகத்துக்குள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைகள விளக்கு வைக்கிற நேரத்துல எதுக்கும்மா நிப்பாட்டுறீங்க? பள்ளிக்கூடம்னா ஒரு நேரங்காலம் கெடையாதா?" அக்கா வந்தார். அவரையும் மரத்தடிக்கு அழைத்துப் போனார். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்தபடி கால் மணி நேரம் நின்றார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். "பகல்ல ஆயிரம் பாடம் நடத்தலாம் மங்கை. இது ஒன்ன மட்டும் பகல்ல நடத்த முடியாது" என்றார் அக்கா.

ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தால் அவர் நின்ற இடத்தில் நிற்பார். ரோடானாலும் சரி, கடைவாசலானாலும் சரி, மூவேளை செபத்தை முணுமுணுப்பாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. நான் இரண்டு பையையும் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். என் வீட்டில் விளக்கு வைக்க நேரமாகிறதே என்று எனக்குப் பதற்றம். ஒருநாள் கண் எதிரிலேயே பஸ் போய்விட்டது. திட்டிவிட்டேன். அவர் சிரித்தார். "எங்க மாதாவுக்கு மணி, உங்க சாமிக்கு விளக்கு. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பஸ்ஸ விட்டாங்க, என்னை மட்டும் ஏன் வையுற?" என்றார்.

அவர் வீட்டுத் தோட்டத்தில் பொழுது சாய்ந்தபின் கறிவேப்பிலை பறிக்கப் போனதைப் பார்த்து நான் போட்ட சத்தமும் ஒன்று உண்டு. அந்தியில் செடியைத் தொடலாமா என்று கேட்டேன். அறிவியல் பேசி என் வாயை அடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையை இழுத்துக்கொண்டு, "மரம் தூங்குதுன்னு பிள்ளைகளுக்குக் காட்டிட்டு நானே கறிவேப்பிலைய எழுப்புனா நல்லாவா இருக்கும்?" என்றார். அன்றைக்குக் குழம்பு கறிவேப்பிலை இல்லாமல்தான் இருந்தது. நானும் அங்கேதான் சாப்பிட்டேன்.

இப்படிச் சாயங்காலத்தைக் கொண்டாடிய மனுஷிக்கு, அந்தச் சாயங்காலமே எமனாக வந்தது. ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து மறதி நோய் தொடங்கியது. பகல் முழுக்க ஓரளவு நன்றாக இருப்பார். வெயில் இறங்க ஆரம்பித்ததும் எழுந்து கைப்பையை எடுத்துக்கொள்வார். "மங்கை, நேரமாச்சு, வீட்டுக்குப் போவோம்." அவர் உட்கார்ந்திருந்ததே அவர் வீட்டில்தான். சொன்னால் அழுவார், என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுப்பார். எங்கள் டீச்சர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

ஜெனிக்கு எட்டு மணிவரை வேலை. பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்த அம்மா, இருட்டுவதற்குள் ஊர்போய்ச் சேர வேண்டும் என்று ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். நடுவிலிருந்த மூன்று மணி நேரத்தை நான் ஏற்றுக்கொண்டேன். "அம்மா வெளிய மட்டும் போயிறாமப் பாத்துக்கங்க சித்தி, அது போதும்" என்றாள் ஜெனி. அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

இந்த நோயில் பொழுது சாயும்போது மனம் இப்படி அலைபாயும் என்றார் டாக்டர். நாலரைக்கே எல்லா விளக்கையும் போடுங்கள், திரையை இழுத்து விடுங்கள், வெளியே இருட்டுவது தெரியவேண்டாம் என்றார். செய்தோம். சூரியனைத் திரை போட்டு மறைத்துவிடலாம், மற்றதை எதைப் போட்டு மறைப்பது? எதிர்வீட்டு வேப்பமரத்தில் மைனாக்கள் வந்து அடையும் கூச்சல் கேட்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சாம்பிராணி சன்னல் இடுக்கில் நுழையும். "மல்லி, மல்லி" என்று பூக்காரர் சைக்கிளில் வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக மாதா கோயில் மணி. செபத்தின் சொற்கள் அவருக்கு மறந்துவிட்டன, எழுந்து நிற்பது மட்டும் மறக்கவில்லை. நின்றவர் அப்படியே வாசலைப் பார்த்து நடப்பார். அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்களே, அக்காவின் அந்தி எங்களை அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். இன்றைக்குப் பஸ் ஸ்டிரைக் என்று ஒரு பொய் சொன்னேன். நான்கு நாள் அது வேலை செய்தது. ஐந்தாம் நாள் கோபம் வந்துவிட்டது. "எம்புட்டு நாளைக்குத்தான் ஸ்டிரைக்கு? பிள்ளைக எப்படி வீட்டுக்குப் போகும்? பேப்பரக் கொண்டா, கலெக்டருக்கு மனு எழுதுவோம்" என்றார். முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் யாருக்கு எழுதுகிறோம் என்பது மறந்துபோய், பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பொய் சொல்வதை விட்டுவிட்டேன்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். அது ஆடி வெள்ளி. அலங்காநல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. என் வீடு இருட்டாகக் கிடந்தது. ஆடி வெள்ளியில் விளக்கில்லாமல் வீட்டைப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அக்கா அன்று அதிசயமாக அமைதியாக இருந்தார். என் தவிப்பைப் பார்த்துவிட்டு அவரே, "போ மங்கை, விளக்க வச்சிட்டு வா. நான் எங்க போகப் போறேன்?" என்றார். பழைய அக்கா பேசுவதுபோலவே இருந்தது. அந்தக் குரலை நம்பிவிட்டேன்.

பூட்டும் சாவியும் என் கையில்தான் இருந்தன. பூட்டவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல்கதவை அடைக்கக் கூடாது, வருகிற லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை. அதுவும் உள்ளே ஆளை வைத்து வெளியே பூட்டுவதா? மனசு ஒப்பவில்லை. சுவரில் மாதா படம் மாட்டிய வீடு அது, லட்சுமி அங்கே எதற்கு வரப்போகிறாள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு நான்கு வீடு தள்ளிப் போனேன். திரி போட்டு, ஏற்றி, விழுந்து கும்பிட்டு வந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையையும் காணவில்லை.

மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். கூட்டம் கூடியிருந்தது. டீக்கடைக்காரர்தான் என்னைப் பார்த்து ஓடிவந்தார். "நான் உக்காரச் சொன்னேன்க்கா. பக்கத்துல பையப் போட்டு, ஆள் வருதுன்னு ஒருத்தரையும் உக்காரவிடாம இருந்தாங்க. பஸ் வந்து நின்னதும், மங்கை வந்திருவா, எடம் போடணும்னு ஓடிப்போய் ஏறுனாங்க. படியில கால் தவறிருச்சு." அக்கா தரையில் கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? ஏறு, ஏறு, சன்னலோரம் ஒனக்குத்தான்" என்றார்.

இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், அதன் பிறகு நுரையீரலில் சளி. மூன்று வாரம். தினமும் பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நானே ஏசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வாயில் குழாய் இருந்ததால் வீட்டுக்குப் போகணும் என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. என் விரலைப் பிடித்து இழுப்பார், அவ்வளவுதான். கடைசி மூச்சும் அந்த நேரத்தில்தான் போகுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அதனால்தான் ஜெனியிடம் மணி கேட்டேன்.

பேரையூரிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்பட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் முடிந்தது. ஜெனி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நானாக ஆரம்பித்தபோதும், "கதவு தெறந்து இருந்துச்சுன்னு தெரியும் சித்தி, விடுங்க" என்று கையை அழுத்தினாள். 

அடுத்த வெள்ளிக்கிழமை நான் விளக்கு வைக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தீக்குச்சியை எடுப்பேன், உரசாமலே பெட்டிக்குள் வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர்தான் ஜெனியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். போன வெள்ளி லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கனதான் இருக்கேன் சித்தி, நீங்க உள்ள போய் ஏத்துங்க" என்றாள்.

உள்ளே போனேன். எண்ணெய் ஊற்றும்போது, "ஜெனி, இருக்கியா?" என்று கேட்டேன். "இருக்கேன் சித்தி." திரியைப் போட்டேன். "இருக்கியாத்தா?" "இருக்கேன்." ஏற்றும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் ஒரு தடவைகூட சலித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா போனபின் எனக்கு மிஞ்சியது, இருக்கியா என்ற இந்தக் கேள்விதான். நான்கு வீட்டுக்கு அப்பாலிருந்து அன்றைக்கு ஒரே ஒரு முறை இதைச் சத்தம் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தேன்.