எளிதில் காணலாம்

ஃபென்னா ஹின்ரிக்ஸின் கையெழுத்தைப் பார்த்தால் அச்சடித்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பதினாறு வயதில் லேர் என்ற சிற்றூரில் இரும்பைச் சுழற்றிச் செதுக்கும் கடைசல் பட்டறைக்குத் தொழில் பழகப் போனவள் அவள். அங்கே வரைபடத்தில் ஒரு எண்ணை மாற்றிப் படித்தால் ஒரு முழு இரும்பு உருளை வீணாகப் போகும். அதனால் ஒன்றும் ஏழும் குழம்பாதபடி எழுத வைத்துக் கையை வசக்கியிருந்தார்கள். பின்னால் அவளைக் கவிழ்க்கப் பார்த்ததும் அந்தக் கைதான்.

எட்டு வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றாள். மாலைப் பள்ளியில் படித்துப் பரீட்சை எழுதினாள். இருபத்தாறு வயதில் இயந்திரப் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனாள். அதே பட்டறையில் ஃபோர்மனாக இருந்த அண்ணன் எய்லெர்ட் மட்டும் தலையாட்டவில்லை. அவளுடைய கருவிப்பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். “இது இங்கயே இருக்கட்டும். எப்படியும் வருவ,” என்றான்.

முதல் பருவத்திலேயே நுண்கணிதம். நானூறு பேர் கொள்ளும் கூடத்தில் பேராசிரியர் ப்ராண்டிஸ் பலகையை நிரப்புவார், அழிப்பார், மறுபடி நிரப்புவார். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்கள். ஃபென்னாவும் தட்டினாள். புரிந்து தட்டுகிறவன் யார், புரியாமல் தட்டுகிறவன் யார் என்று மேசைக்கா தெரியப் போகிறது?

வாரத்துக்கு ஒரு பயிற்சித்தாள் வரும். புதன் மதியத்துக்குள் நடைக்கூடத்துப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே தாளாகக் கொடுக்கலாம். மதிப்பெண் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பருவம் முழுக்கப் பாதி மதிப்பெண்ணாவது சேர்த்தவர்களைத்தான் பரீட்சைக்குள் விடுவார்கள். ஃபென்னாவுக்குக் கூட்டாளியாக அமைந்தவன் அன்ஸ்கார். பத்தொன்பது வயது, கூர்மையான மண்டை, கோழி கிளறியது மாதிரிக் கையெழுத்து. பீட்ஸா ரசீதின் பின்பக்கத்தில் கணக்கைக் கிறுக்கி அவளிடம் நீட்டுவான். அவள் அளவுகோல் வைத்து, கறுப்பு, சிவப்பு என்று இரண்டு மை போட்டு, சுத்தப் பிரதி எடுப்பாள். நடுவில் எங்கேயாவது ஒரு வரி தாவியிருந்தால், இது எப்படி வந்தது என்று கேட்பாள். “பார்த்தாலே தெரியுதே,” என்பான் அவன். கணக்குக்காரர்கள் அதற்கென்று ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள்: எளிதில் காணலாம். ப்ராண்டிஸும் அதைத்தான் மூச்சுக்கு மூச்சு சொல்வார். அவளும் அழகாக அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள்.

பன்னிரண்டு தாளுக்கும் முழு மதிப்பெண். திருத்தியவர் ஓரத்தில் ஒரு தடவை, பிரமாதம் என்றுகூட எழுதியிருந்தார். தன் கையால் எழுதியது தன் தலைக்குள்ளும் போயிருக்கும் என்று அவள் நம்பினாள். பாவம், யார்தான் நம்ப மாட்டார்கள்?

பிப்ரவரிப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினாள். ஏப்ரலில் மறுபடி எழுதி இருபத்தி மூன்று. தேறுவதற்கு நாற்பது வேண்டும். அன்ஸ்கார் முதல் தடவையே தேறி அடுத்த பருவத்துக்குப் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தடவை. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதே படிப்பில் சேர முடியாது. அப்புறம் லேர், பட்டறை, அண்ணன் கையில் உள்ள சாவி.

செப்டம்பரில் பழைய தாள்களை எடுத்து வைத்துப் படிக்க உட்கார்ந்தாள். மூன்றாவது தாளிலேயே நின்றுபோனாள். தான் எழுதியது தனக்கே புரியவில்லை. அன்ஸ்காருக்குப் போன் போட்டாள்.

“அதை எழுதுனதே நீதானே?” என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தாள். பன்னிரண்டு தாளிலும் ‘எளிதில் காணலாம்’ வந்த இடத்தையெல்லாம் சுற்றி வட்டம் போட்டாள். நாற்பத்தியொரு வட்டம் விழுந்தது. அத்தனையும் அவளுடைய அழகான எழுத்தில் இருந்த ஓட்டைகள். ஒவ்வொன்றையும் தானே அடைப்பது என்று தீர்மானித்தாள்.

சிலது பத்து நிமிடத்தில் அடைந்தது. சிலதுக்கு நாலு நாள் ஆனது. அக்டோபரில் ஊருக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் ஒரே வரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஊற்றிவைத்த தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்தது. எதிரில் எய்லெர்ட் ரொட்டியில் ஹெர்ரிங் மீனை வைத்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தி, “உன் பெட்டி அப்படியேதான் இருக்கு,” என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே ரயில் ஏறிவிட்டாள்.

பிப்ரவரியில் எழுதிய மூன்றாவது பரீட்சையில் முப்பத்தி ஏழு. தாவிவிட்டுப் போன வரி ஒன்றுகூட இல்லை, எல்லாப் படியும் எழுதியிருந்தாள். அதனாலேயே கடைசி இரண்டு கணக்கைத் தொட நேரமில்லாமல் போனது. மூன்று மதிப்பெண்ணில் கை நழுவியது. மூன்றாவதிலும் இப்படி நூலிழையில் விழுந்தவர்களுக்கு மட்டும், பெயரை எடுப்பதற்கு முன் அரை மணி நேர வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. தேறினால் கடைசித் தரமான நாலு கிடைக்கும், தேறாவிட்டால் வெளியே. அதற்கு மேல் படியேற இடம் கிடையாது.

ப்ராண்டிஸின் அறையில் ஒரு பலகையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. ஓரத்தில் குறிப்பெடுக்க ஓர் உதவியாளர். இருபது நிமிடம் ஏதேதோ கேட்டார்கள். பாதிக்குச் சொன்னாள், பாதிக்குத் திணறினாள். ப்ராண்டிஸ் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து பலகையில் ஒரு சார்பை எழுதினார். எக்ஸையும், குறியை நீக்கிய அதே எக்ஸையும் பெருக்கியது. அதாவது எக்ஸ் பெருக்கல் அதன் மட்டு மதிப்பு.

“பூஜ்யத்துல இதுக்கு வகைக்கெழு உண்டா? மட்டு மதிப்புன்னா அங்க முனை இருக்கும். எளிதில் காணலாம், இல்லையா?” என்றார்.

முனை இருந்தால் வகைக்கெழு இல்லை. இது அன்ஸ்கார் சொல்லி, அவள் சிவப்பு மையில் எழுதியது. இல்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதவியாளரின் பேனாவும் தாளைத் தொட்டுவிட்டது. வேண்டுமென்றே சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“எனக்கு எளிதாத் தெரியலை சார். போட்டுப் பார்க்கணும்,” என்றாள்.

ப்ராண்டிஸ் சுண்ணக்கட்டியை நீட்டினார். பலகையிலும் அவள் எழுத்து அச்சு மாதிரியே விழுந்தது. பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி எடுத்து, வித்தியாசத்தை அந்தத் தூரத்தால் வகுத்தாள். மேலேயும் கீழேயும் அடிபட்டு, அந்தத் தூரத்தின் மட்டு மதிப்புதான் மிஞ்சியது. தூரத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே விடை.

“உண்டு சார். பூஜ்யம்.”

“அப்ப முனை எங்க போச்சு?”

ஃபென்னா வளைவரையை வரைந்தாள். நடுவில் அது படுத்துக்கொண்டு போனது. பட்டறையில் இரண்டு வளைவுகள் சேரும் இடம் இப்படித்தான் இருக்கும்.

“நகத்தை ஓட்டினா தட்டாது சார். ஆனா வெளிச்சத்துல புடிச்சா ஒரு கோடு தெரியும். முனை ஒரு படி உள்ள போயிருக்கு. ஒரு தடவை வகையிட்டா வெளிய வந்துடும்.” சொல்லிவிட்டு அதையும் போட்டுக் காட்டினாள். வகைக்கெழுவின் படம் நடுவில் முனையாக ஒடிந்து நின்றது.

வெளியே நிற்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் பயிற்சித்தாள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நிமிடம் நின்றாள். ஒரு வருடம் ஒன்பது நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கதவு திறந்தது. ப்ராண்டிஸ் கைகொடுத்து, “நாலு,” என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. அவர் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

கீழே சைக்கிள் நிறுத்தத்திலிருந்து எய்லெர்டைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“அண்ணே, என் பெட்டியை வேற யாருக்காவது குடுத்துடு.”

பின்னால் ஓடிய இயந்திரம் நின்றது.

“அது அக்டோபர்லயே குடுத்தாச்சு,” என்றான்.

“கிறிஸ்துமஸுக்கு அப்படியே இருக்குன்னியே?”

“அது சும்மா சொன்னது. நீ எங்க திரும்பி வரப் போற? பார்த்தாலே தெரிஞ்சுதே.”

ஃபென்னா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நாற்பத்தியொரு வட்டத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டால், எங்கே, காட்டு என்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.