பதவியேற்புக்கு முந்தின நாள் எழுதிய சுவர்

அரும்பாவூர் கருப்பண்ணனுக்குப் பாம்பு பயம் கிடையாது, பேய் பயம் கிடையாது, போலீஸ் பயம்கூட ஓரளவுக்குத்தான். நாற்பத்தோரு வயதில் அவனைத் தொடை நடுங்க வைத்தது அவனுடைய சொந்தப் பெயர். கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள், மனுஷன் பட்ட பாடு அப்படி.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டியவர்கள். அடுத்தவன் வயலில் வெட்டி, அடுத்தவன் வண்டியில் ஏற்றியே ஆயுசு கழிந்தது. வோட்டர் லிஸ்ட்டைத் தவிர வேறெங்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயரும் ஏறியதில்லை. இவன் எட்டாவதோடு நின்று, பிரஷைப் பிடித்துப் போர்டு எழுதப் பழகிக்கொண்டான். தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது ஆபீஸ் ஆபீஸாகப் போய் எழுதினான். பிறகு அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், அங்கே ஓடினான். ஒன்றேகால் வருஷத்தில் வேண்டாம் என்று திரும்பச் சேர்த்தார்கள். தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டு மறுபடியும் பெரம்பலூர் என்று எழுதினான். சர்க்காருக்குப் புத்தி மாறினால் இவனுக்கு வேலை.

இரண்டு பழக்கம் அவனுக்கு. ஒன்று, எந்தப் போர்டானாலும், எந்தச் சுவரானாலும், வலது கீழ் ஓரத்தில் இரண்டு விரல் உயரத்தில் 'கருப்பு, அரும்பாவூர்' என்று எழுதாமல் இறங்கமாட்டான்.

"தலைவரு பேரு கோணலாப் போனாலும் போவும், ஒங்க பேருக்கு மட்டும் ஒரு கொறையும் வராதே" என்று பெண்டாட்டி செங்கமலம் கிண்டல் செய்வாள்.

"எங்கப்பன் பேரு ஒரு எடத்துலயும் இல்ல. எம்பேராவது இருந்துட்டுப் போவட்டுமே" என்பான்.

இன்னொன்று தொழில் பழக்கம். தேர்தலில் ஜெயித்தவருக்கு வாழ்த்து எழுதும்போது பெயருக்கு முன்னால் மூன்று முழம் வெறுமையாக விட்டுவைப்பான். நாளைக்கே மந்திரி ஆகலாம், வாரியத் தலைவர் ஆகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். பதவியேற்பு முடிந்த பிறகுதான் அந்த இடத்தில் பட்டம் ஏறும். சுவர் எழுதுகிற எல்லோரும் அப்படித்தான். அந்த ஒரு மே மாதம் மட்டும் அவன் அதிலிருந்து தவறினான்.

அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பெரிய கட்சி ஆட்சி அமைக்க, கூட்டணியில் இருந்த சின்னக் கட்சியின் பதினேழு பேர் கைதூக்க வேண்டும். சின்னக் கட்சியோ, மந்திரிசபையில் மூன்று இடம் கொடுத்தால்தான் கைதூக்குவோம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அந்தப் பதினேழில் ஒருவர் உள்ளூர்க்காரர் மணிவேல். சென்னையில் இரண்டு தலைவர்கள் பேசி முடிப்பதற்குள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மந்திரிசபை நாலு தடவை அமைந்து நாலு தடவை கவிழ்ந்தது. மேற்குச் சீமைக்கு எத்தனை, எந்தச் சாதிக்கு எத்தனை, பெண்களுக்கு ஒன்றா இரண்டா, பொதுப்பணியைப் பெரிய கட்சி விடுமா, பால்வளம் கொடுத்தால் மணிவேல் வாங்கிக்கொள்வாரா என்று பேசிப் பேசியே ஆட்கள் தொண்டை கட்டிப்போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சின்னக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் அழகேசன் வந்தார். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையிலும் செல்போன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நீளமான சுவரைக் காட்டினார்.

"டேய் கருப்பு, நாளைக்குக் காலையில பதவியேற்பு. நம்மாளு பேரு லிஸ்ட்டுல இருக்கு. 'மாண்புமிகு அமைச்சர் மணிவேல் அவர்களே வருக'ன்னு எழுது. அஞ்சு வருஷத்துக்கு அழியக் கூடாது, எனாமல்ல அடி."

"அண்ணே, மாண்புமிகுக்கு எடம் வுட்டு வச்சுட்டு, நாளைக்கு..."

"எடம் வுடுறியா? ஏன், ஆவமாட்டாருங்கிறியா நீயி?"

அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? சாயந்தரத்துக்குள் எழுதி முடித்தான். சிவப்பில் எழுத்து, கறுப்பில் நிழல். பார்த்தவன் நின்று பார்த்தான். கடைசியில் குந்தவைத்து உட்கார்ந்து, ஓரத்தில் கருப்பு, அரும்பாவூர் என்று நிதானமாகப் போட்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு டீக்கடை டிவியில் பட்டியல் வாசித்தார்கள். முப்பது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் துறை. சின்னக் கட்சிக்குக் கொடுத்தது இரண்டே இடம், இரண்டும் வடக்கத்தி மாவட்டத்துக்காரர்களுக்கு. மணிவேல் பெயர் இல்லை. இன்னொரு தடவை வாசிப்பார்கள் என்று காத்திருந்தார்கள். வாசித்தார்கள். அப்போதும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து செய்தி வந்தது. அதே கட்சியில் அழகேசனுக்கு ஆகாத அய்யம்பெருமாள், முந்தின நாளே சுவரைப் படம் பிடித்து, கட்சித் தலைவர் கையில் சேர்த்துவிட்டாராம். "நான் இன்னும் பேசியே முடிக்கலை, அதுக்குள்ள அவன் மந்திரி ஆயிட்டானா?" என்று தலைவர் குதித்தாராம். மூன்றாவது இடத்துக்கு அவர் மல்லுக்கட்டாமல் விட்டது அதனால்தானாம். உண்மையோ பொய்யோ, பழி சுவர் மேல் விழுந்துவிட்டது.

டீக்கடைக்குப் பின்புறம் டம்ளர் கழுவுகிற இடத்தில் நின்றிருந்த கருப்பண்ணன் காதில் அழகேசன் குரல் விழுந்தது.

"நானா? நான் எதுக்குய்யா எழுதச் சொல்லப் போறேன்? அந்த அரும்பாவூர்ப் பய அய்யம்பெருமாள்கிட்ட காசு வாங்கிட்டு எழுதியிருக்கான். எந்தக் கையால எழுதுனானோ அந்தக் கைய வாங்குங்கடா."

அடப்பாவி! கருப்பண்ணன் அங்கிருந்தே நழுவினான். சாக்கடையைத் தாண்டி, சந்துக்குள் புகுந்து, நகர்ந்துகொண்டிருந்த அரும்பாவூர் பஸ்ஸில் தொற்றினான். டிக்கெட் எடுத்த பிறகுதான் உறைத்தது. சுவரில் இருப்பது வெறும் பெயர் இல்லை, ஊரும் சேர்த்து. எழுதச் சொன்னவன் பெயர் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை. மணிவேல் பெயருக்கு அப்புறம் அதில் இருக்கிற ஒரே பெயர் அவனுடையது. மேல்விலாசத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்! நடுவழியில் இறங்கி, பஸ் மாறி, செட்டிகுளத்தில் கொழுந்தியாள் வீரம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கேயிருந்து அரும்பாவூரில் தன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் செங்கமலத்தைக் கூப்பிட்டான்.

"நாலு பேரு வந்தானுவ. பிரஷ்ஷ எல்லாம் அடுப்புல போட்டுட்டானுவ. ஒங்க வலது கைய வாங்காம வுடமாட்டாங்களாம். வூட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்றவள், "ஏங்க, அந்தச் சொவத்துல ஒங்க பேர எதுக்குங்க போட்டீங்க?" என்று அழுதாள்.

நாலு நாள் அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தான். மலைக்கோயில் மணி அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் அடுப்படிக்கு ஓடினான். வலது கையைத் துண்டுக்குள் சுற்றியே வைத்திருந்தான், சாப்பிட மட்டும் வெளியே எடுத்தான். அந்தக் கை போனால் கரும்பு வெட்டக்கூட ஆகாது. ஒருநாள் வீரம்மாள் பார்க்காத நேரத்தில் இடது கையில் கரித்துண்டைப் பிடித்துத் தரையில் எழுதிப் பார்த்தான். 'க'வே வரவில்லை. அவசரமாகக் காலால் அழித்தான்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அடுப்படிக்கு ஓடியவனைத் தேடிக்கொண்டு செங்கமலமே உள்ளே வந்தாள். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது.

"அழகேசன் வந்திருக்காருங்க. அவங்க கட்சி சண்டை போட்டு மூணாவது எடத்த வாங்கிருச்சாம். நேத்து ராத்திரி மணிவேல மந்திரியா அறிவிச்சுட்டாங்களாம். இன்னைக்கு ஊருக்கு வர்றாராம். அந்தச் சொவத்த நீங்கதான் திரும்ப எழுதணுமாம்."

"நம்பலாமா?"

"தெரியலைங்க. சால்வ ஒண்ணு வாங்கியாந்திருக்காங்க."

சால்வை எதற்கு? கையைக் கட்டவா? கருப்பண்ணன் காரில் ஏறினான், ஏறாமல் என்ன செய்வது? அவனை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் இரண்டு தடியன்கள். முன் சீட்டில் அழகேசன் செல்போனை நோண்டிக்கொண்டே வந்தார். தைலமரத் தோப்பு வருகிற இடத்தில் வண்டி மெதுவானது. இங்கேதான், முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டான். குறுக்கே போன ஆட்டுக் கூட்டத்துக்காக டிரைவர் ஹாரன் அடித்தார். கூட்டம் கடந்ததும் கார் போய்க்கொண்டே இருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

சுவரைப் பார்த்தான். 'மாண்புமிகு அமைச்சர்' மேல் தார் ஊற்றியிருந்தார்கள். மணிவேல் பெயர் மேல் ஊற்ற எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஓரத்தில் இருந்த கருப்பு, அரும்பாவூரை ஒருத்தரும் தொடவில்லை. தொட்டுவிட்டால் ஆளை எப்படித் தேடுவது?

அழகேசன் கூட்டத்துக்கு நடுவே அவன் தோளில் சால்வையைப் போர்த்தினார்.

"நம்ம கருப்பு கைராசிக்காரன்யா! அவன் எழுதுன வேள, அண்ணன் மந்திரி ஆயிட்டாரு பாத்தியா? நாந்தான் அன்னைக்கே எழுதுடான்னேன். என்னடா கருப்பு?"

"ஆமாங்கண்ணே" என்றான் கருப்பண்ணன். வேறென்ன சொல்வான்? அதே தடியன்கள் கை தட்டினார்கள்.

தாரைச் சுரண்டி, பூச்சு பூசி, கடன் வாங்கிய பிரஷால் எழுதினான். 'மாண்புமிகு'வில் சுழி கோணியது, யாரும் கவனிக்கவில்லை. முடித்ததும் குந்தவைத்து உட்கார்ந்தான். ஓரத்தில் இருந்த தன் பெயர் மேல் வெள்ளை எனாமலை எடுத்து இரண்டு தடவை இழுத்தான். காய்கிறவரை பொறுத்திருந்து மூன்றாவது தடவையும் இழுத்தான்.

"ஏன்டா, ஒம்பேரு போடலியா?" என்றார் அழகேசன்.

"வேணாங்கண்ணே."

அதற்குப் பிறகு அவன் எங்கேயும் பெயர் போடவில்லை. மளிகைக் கடைப் போர்டு, மாரியம்மன் கோயில் வளைவு, எதிலும் இல்லை. கட்சிக்காரர்கள் கூப்பிட்டால் காய்ச்சல் என்றான். வாசலில் கார் நின்றால் இப்போதும் கொல்லைப் பக்கம் போய்விடுவான். செங்கமலமும் அவனைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக்கினார்கள். பெரிய ஆபீஸ் ஒன்றின் வாசல் போர்டு அவனுக்கு வந்தது. ஒரு வாரம் எழுதினான். அவன் ஆயுசில் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திறப்பு விழா முடிந்து வெளியே வந்த அதிகாரி ஒருவர் நின்று, அண்ணாந்து பார்த்து, அவர் பாட்டுக்குத் தலையாட்டினார். வலது கீழ் ஓரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கியும் பார்த்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு அழகா இருக்கு! யாருப்பா எழுதுனது?"

கருப்பண்ணன் பெயின்ட் ஒட்டிய வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"தெரியலைங்க சார்" என்றான்.