நாலு சத்தப் பாட்டு

என் மருமகளுக்குப் பிடித்த பியானோ பாட்டுகள் மூன்று. மூன்றையும் இந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதினார்களாம். திருப்பதியில் மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவைதான் என் காதில் விழுகின்றன. முதலாவது, பாத்திரம் தேய்க்கிறவள் கோபத்தில் எவர்சில்வரை விட்டெறிகிற மாதிரி. இரண்டாவதில் ஒரு சத்தம் போட்டுவிட்டு, அடுத்ததைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். மூன்றாவதில் நாலே சத்தம். அதையே திரும்பத் திரும்ப, பத்து நிமிடம். இதை எழுத ஒரு ஆள், வாசிக்க ஒரு ஆள், கைதட்ட நாலு பேர்.

நகரியில் முப்பது வருஷம் பவர்லூம் ஓட்டியவள் நான். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருவதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் ஒருத்தரும் கைதட்டவில்லை.

ரேணிகுண்டா பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு இசை டீச்சர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அந்த மூன்றாவது பாட்டைத் தவறில்லாமல் வாசித்து, போனில் பதிவு செய்து, சாயங்காலம் ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். மிக்ஸி ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது. என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பழகும்போது துண்டு துண்டாகத்தான் வாசிப்பாள். முழுசாக அன்றுதான் கேட்டேன். நடுவில் சத்தம் சட்டென்று நின்றது. சத்தம் நின்றால் தறிக்காரிக்கு ஒரே அர்த்தம்தான். எப்படி எழுந்தேனோ, பியானோ பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நூல் அறுந்துபோச்சா?"

மருமகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அத்த, அங்க சும்மா இருக்கணும்னு தாள்லயே போட்டுக்கீது."

"சும்மா இருக்கறதுக்கு இன்னாத்துக்குத் தாளு?"

"எம்மா, கம்முனு போய் குந்து. இனிமே வாயத் தொறக்காத" என்றான் மகன்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். நிற்கிற இடம் வந்ததும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இடது கை ஒரு அடியைத் தவறவிட்டது. எட்டுத் தறிக்கு முதுகைக் காட்டி நின்றாலும், எந்தத் தறி அடி விட்டது என்று சொல்கிறவள் நான். அவர்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மகன் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். மணி நாலே கால்.

வாயைத் திறக்காதே என்றானே, அனுப்பட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் அடி விட்ட சேலையை மடித்துக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

"கடைசில இடது கை ஒண்ணு வுட்டுச்சு."

"உனக்கு இன்னாம்மா தெரியும்?"

மருமகள் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். கடைசிப் பகுதியை இரண்டு தரம் கேட்டாள். பிறகு பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அத்த, இப்பிடி பக்கத்துல குந்துங்க. வுட்டா என் தோள தொடுங்க."

தொட வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி கீது அத்த பாட்டு?" என்றாள்.

"நீ சரியாத்தான் வாசிச்ச. அஞ்சாவது சத்தம் ஒண்ணு போட்டா, அந்தாளுக்கு இன்னா கொறஞ்சிடும்?"