எந்தக் கோவிந்தம்மா?

செவ்வாய்க்கிழமை காலை உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது போன் வந்தது. நம் உழவர் குழுத் தலைவர் பேசினார். "மேடம், கோவிந்தம்மா தவறிட்டாங்க." எனக்கு அழுகை வரவில்லை. "எந்தக் கோவிந்தம்மா?" என்றுதான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று, இதைப் படிக்கும் நம் குழுவினர் உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இறந்துபோன கோவிந்தம்மாதான்.

வேளாண்மை அலுவலகத்தில் கணினியில் பதிவு செய்யும் ஒப்பந்த ஊழியர் நான். விவசாயிகளுக்கான அரசு உதவித்தொகைப் பட்டியலில் இறந்தவர்களை நீக்குவதும் என் வேலை. உங்கள் ஊரில் இரண்டு கோவிந்தம்மாக்கள் இருந்தார்கள். சில வருடங்களுக்கு முன்பு இறந்தவர் பெருமாளின் மனைவி. நான் நீக்கியது முனுசாமியின் மனைவியை. கணவர் பெயரை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த தவணை வராததால், உயிரோடிருந்த அந்தக் கோவிந்தம்மா அலுவலகம் வந்தார். திரையில் 'இறந்தவர்' என்று இருந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இன்னாம்மா போட்டுக்கீது? வாயத் தொறந்து சொல்லு."

சொன்னேன். அவர் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு, "உசுரோடதான கீறேன்," என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலிடத்துக் கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று கூசாமல் பொய் சொன்னேன். ஒப்பந்த வேலைக்கு ஒரு புகார் போதும், மறுநாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் நடையாய் நடந்தார். கிராம நிர்வாக அலுவலர், வங்கி, மறுபடி எங்கள் ஜன்னல். அந்தப் பணத்தை நம்பித்தான் டிராக்டருக்குச் சொல்லியிருந்தார். உழவு நடக்கவில்லை, விட்ட நாற்று முற்றி வீணானது. அவருடைய அரை ஏக்கர் அந்த விதைப்புப் பட்டம் முழுதும் தரிசாகக் கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனம் என்று சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அதிகாரி விசாரணைக்கு வந்தார். யார் செய்த தவறு என்று கேட்டார். கோவிந்தம்மா என்னை ஒரு முறை பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"எம்மேலதான் சார் தப்பு. செத்துப்போனவங்க வூட்டுப் பேப்பர நான்தான் எத்துக்கினு வந்தேன். என் ஆதாரையும் அதோட சேத்துக் குடுத்துட்டேன்."

அப்படி எதுவும் அவர் கொடுக்கவில்லை. அவர் வெளியே போனதும் பின்னாலேயே ஓடி அவர் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"உன் பொழப்பு பூட்ச்சின்னா என் நெலம் வெளஞ்சிடுமா? இனிமே பயந்துக்கினே பண்ணு. அது போதும்."

பெயர் மறுபடி பட்டியலில் ஏறியபின் ஒவ்வொரு தவணைக்கும் ஜன்னலில் முகத்தைக் காட்டி, "கீறேன்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

நேற்று அவர் மகன் இறப்புச் சான்றிதழோடு வந்தார். கணவர் பெயர் முனுசாமி. ஆதார் எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். விரல் நகரவில்லை.

"இன்னா மேடம், எதனா கொறையா கீதா?" என்று அவர் கேட்டார்.

குறை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். இதைப் படித்தபின் என் வேலை இருக்குமா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. கோவிந்தம்மா எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பயம்தான். வேலை இருக்கும்வரை இதை விடமாட்டேன்.

நேற்று அவர் பெயரை நீக்கும் முன் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.